டிராக்டர் இல்லாத அருணாசலம்

1

இந்தக் கதை மலையைப் பார்த்தபோது மனதில் எழுந்தது என்று சொல்லத்தான் ஆசை. எங்கள் ஊர் எழுத்தாளனுக்கு அதுதான் மரியாதை. உண்மையில் இது வங்கியில் பிறந்தது. லோன் பிரிவு கீர்த்தனா மேடம் சொன்னார்:

"சார், உங்க பேர்ல ஏற்கெனவே டிராக்டர் லோன் ஓடுது. வீட்டு லோன் தர முடியாது."

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஸ்கூட்டர். அதுவும் என் மனைவி மதிவதனியுடையது. (வேங்கிக்காலில் வாங்கப்போகும் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸும் அவள் சீட்டுப் பணம். லோன் வராவிட்டால் அட்வான்ஸ் போச்சு.)

2

முதல் தொடக்கம்: 'மாபெரும் அதிகார எந்திரத்தின் முன் ஒரு தனிமனிதன்...' அடித்துவிட்டேன். தனிமனிதன் ஏசியில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். கீழ்பென்னாத்தூரில் இன்னொரு அருணாசலம் இருக்கிறார்; டிராக்டர் லோன் அவருடையது. அவர் அப்பா பெயரும் என் அப்பா பெயரும் அப்பாசாமி. சாமி பெயர் வைக்கும் ஊர்ப்பக்கம் இது சகஜம். பிறந்த தேதியும் ஒன்றே: ஜூன் ஒன்று. பள்ளியில் சேர்த்தபோது இருவர் வீட்டிலும் தேதி தெரியவில்லை. பள்ளி திறக்கும் நாளில் தலைமையாசிரியர்களே எங்களைப் பெற்றெடுத்தார்கள்.

(அடிக்குறிப்பு: என் வகுப்பில் பாதிப் பேருக்கு அன்றுதான் பிறந்தநாள். ஒருவனும் மிட்டாய் கொடுத்ததில்லை.)

3

கிரெடிட் ரிப்போர்ட்டைத் திருத்தக் கோரி ஆன்லைனில் எழுத உட்கார்ந்தேன். 'அடையாளம் என்பது காலந்தோறும்...'

மதிவதனி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, முன்னுரையா? 'இந்த லோன் என்னுது இல்ல'ன்னு போட்டு பான் கார்டை சேருங்க."

போட்டேன். சில வாரங்களில் டிராக்டர் போய்விட்டது. யாரும் கைவைக்காமல் ஏற்கப்பட்ட என் ஒரே வாக்கியம், அவளுடையது.

இங்கேயே முடித்திருக்கலாம். உண்மை வென்றது, மலைமேல் மேகம்...

4

"இப்போ உங்களுக்கு கிரெடிட் ஸ்கோரே இல்லையே சார்," என்றார் கீர்த்தனா. "அந்த டிராக்டர்காரரு ஒரு ட்யூகூட தவறாம கட்டியிருக்காரு. உங்களுக்கு இருந்த நல்ல பேரே அதுதான். இப்போ நீங்க யாருன்னே சிஸ்டத்துக்குத் தெரியல. நல்ல ஸ்கோர் இருக்கிறவங்க யாரையாவது ஜாமீனுக்குக் கூட்டினு வாங்க."

"நான் ரெண்டு நாவல்..."

அவர் அடுத்த டோக்கனை அழைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் மதிவதனி கேட்டாள்: "நல்ல ஸ்கோரோட நமக்கு யாருங்க இருக்காங்க?"

எழுத்தாள நண்பர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்; யாரும் தேறவில்லை. "ஒருத்தர்தான்."

"அந்த டிராக்டர்காரரையா? இது அவர் கடன்னு நிரூபிச்சிட்டு, எங்க கடனுக்கும் நில்லுங்கன்னு கேக்கப் போறீங்க?"

5

முடிவு ஒன்று: அவர் கையெழுத்துப் போடுகிறார், மனிதம் வெல்கிறது. (எழுதிய எனக்கே கூச்சமாக இருக்கிறது.) முடிவு இரண்டு: விரட்டுகிறார். இலக்கியம் பிழைக்கும், அட்வான்ஸ் பிழைக்காது.

இதற்குள் மதிவதனி டிராக்டர் ஷோரூமில் அவர் எண்ணை வாங்கி, போன் போட்டு, என் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஹலோ, யாருங்க?"

"அருணாசலம்ங்க."

"நானுந்தான் அருணாசலம். நீங்க எந்த அருணாசலம்?"

எழுத்தாளர் என்றால் வைத்துவிடுவார். ஸ்கோர் இல்லாதவன் என்றாலும் வைத்துவிடுவார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம். அவர் லைனில் இருக்கிறார். மதிவதனி என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.