சின்னக் குடையின் கண்

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது தூறத் தொடங்கியது. மீனாள் பையிலிருந்து மடக்குக் குடையை எடுத்தாள். அதன் விசை போன மாதமே கெட்டுவிட்டது. தண்டை முதலில் கையால் இழுத்து நீட்டிக்கொண்டுதான் விரிக்க வேண்டும்; மறந்தால் பாதி மலர்ந்து தொங்கிவிடும். அன்றும் மறந்தாள், தொங்கியது. சீ என்று சலித்துக்கொண்டு தண்டைப் பிடித்து இழுத்தவள் இழுத்தபடியே நின்றாள். நேற்று இழுத்தேனா?

நேற்று இழுத்திருக்க வேண்டியது இந்தக் குடையை அல்ல. அவள் கணவன் பூபாலசிங்கம் விமானத்திலிருந்து குதிக்கிறவன். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்காக. கிழமை நாட்களில் பம்பலப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் உட்கார்ந்து மற்றவர்களின் உயிருக்கு விலை எழுதுவான். மாதத்தில் இரண்டு ஞாயிறு காலி நகருக்கு அப்பால் ஒரு சிறு விமானத் திடலுக்குப் போய்த் தன் உயிரை அந்தரத்தில் விட்டுவிட்டு வருவான். அவனுடைய கம்பனியே அவனுக்குக் காப்புறுதி கொடுக்க மறுத்துவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. மீனாளுக்கு அதில் சிரிக்க எதுவும் தெரிந்ததில்லை.

குதிக்கிறவர்கள் யாரும் பாரசூட் என்று சொல்வதில்லை, குடை என்றுதான் சொல்வார்கள். பெரிய குடை ஒன்று, அதைப் பையிலிருந்து வெளியே இழுக்கச் சின்னக் குடை ஒன்று. குதித்தவன் சின்னதைக் காற்றில் எறிவான். அது காற்றைப் பிடித்துப் பெரியதை இழுத்தெடுக்கும். பெரியது விரிந்ததும் சின்னது வேலை முடிந்ததென்று சுருங்கி, அப்படியே கிடந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை கட்டும்போதும் சின்னதன் உள்ளே ஓடும் நடு நாடாவை இழுத்து வைக்க வேண்டும். இழுத்தால், பையின் முதுகு மடிப்புக்குக் கீழே ஒரு சிறு துளையில் நாடாவின் நீலம் தெரியும். அந்தத் துளைக்குக் கண் என்று பெயர். இழுக்காவிட்டால் கண்ணில் வெறும் வெள்ளைதான். எறிந்த சின்னக் குடை ஈரத் துணிபோலப் பின்னால் அலையும், பெரியது வெளியே வராது. ஆபத்துக்கென்று முதுகில் இன்னொரு குடை உண்டுதான். ஆனால் பின்னால் அலைகிற நாடாவில் அதுவும் சிக்கினால் முடிந்தது கதை.

இவ்வளவும் மீனாளுக்குத் தெரியும். ஏனென்றால் அவன் குடையைக் கட்டுவது அவள்தான். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாய் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆள் இல்லை. அப்படியானால் கட்டுகிற கையாவது என் கையாக இருக்கட்டும் என்று ஒருநாள் பிடிவாதமாகக் கற்றுக்கொண்டாள். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இந்த அடுக்குமாடி வீட்டை எடுத்ததே அதன் கூடம் வாசலிலிருந்து பல்கனி வரை நீளமாக இருந்ததற்காகத்தான். சனிக்கிழமை பின்னேரங்களில் சிவப்பும் மஞ்சளுமான துணி அந்த நீளம் முழுக்கக் கிடக்கும். மடித்துச் சுருட்டி, மேலே முழங்காலிட்டு ஏறிக் காற்றைப் பிழிந்து, பையில் திணித்து, அது திறந்துகொள்ளாதபடி ஊசியைப் போடுவாள். கொட்டாஞ்சேனை ஹியூபேட், பூபாலின் குதிக்கும் கூட்டாளி, இதைப் பார்த்துவிட்டுப் பூபாலின் உயிர் மீனாளின் முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அவளும் கொட்டாஞ்சேனைக்காரிதான், செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த குடும்பம். அந்தக் கேலி அவள் அம்மா வீடு வரை போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொருவரும் குதிக்கும் முன் தன் குடையின் கண்ணைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குள் விதி. பூபால் மட்டும் பார்ப்பதில்லை. மீனாள் கட்டியதை நான் சோதித்துப் பார்ப்பதா என்பான். ஹியூபேட் திட்டுவான், இவன் சிரிப்பான். மீனாளுக்குக் கேட்கக் கோபமாகவும் வரும், உள்ளுக்குள் குளிர்ந்தும் போகும்.

நேற்றுச் சண்டை. நூறாவது குதிப்போடு நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அது முடிந்து கேக் வெட்டி மாதங்களாகிவிட்டன. நேற்றுத் துணி பாதி மடிந்து கிடக்கையில், அடுத்த வருடம் நாலு பேராகக் கைகோத்துக் குதிக்கப் பழகப்போகிறோம் என்று சாதாரணமாகச் சொன்னான். அவள் நிமிர்ந்து, இனிமேல் நான் கட்டமாட்டேன் என்றாள். அவன் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே, பரவாயில்லை, ஹியூபேட் கட்டுவான் என்றான். அந்தப் பரவாயில்லைதான் அவளைக் குத்தியது. அதற்குப் பிறகு அவள் கைகள் மட்டும் ஓடின. மடித்தது நினைவிருக்கிறது. முழங்காலால் அழுத்தியதும், ஊசி போட்டதும், பையை வாசலில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுததும் நினைவிருக்கின்றன. நாடாவை இழுத்தது மட்டும் நினைவில் இல்லை. எவ்வளவு துழாவினாலும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

மழையில் நின்றபடியே கைபேசியில் அவனுக்கு எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எப்படி எடுப்பான்? உடுப்பு மாட்டுவதற்கு முன் எல்லோருடைய கைபேசிகளும் அவர்களை வான் வண்டியில் கூட்டிப்போகும் இப்றாஹிமின் பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். மேலே போகிறவன் கையில் கைபேசி இருந்தால் மனைவி கூப்பிடுவாள், மனைவி கூப்பிட்டால் கால் நடுங்கும் என்பது ஹியூபேட்டின் வியாக்கியானம். ஹியூபேட்டுக்கு எடுத்தாள். அதுவும் டின்னுக்குள்தான் அடித்திருக்கும்.

இப்றாஹிமின் எண் அவளிடம் இருந்தது. விரல் அதன்மேல் போய் ஒரு கணம் நின்றது. ஏன் நின்றது என்பதைப் பிற்பாடு பலமுறை யோசித்தாள். வெட்கம்தான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் அந்தக் கணத்தில் மனதில் வந்தது வெட்கம் அல்ல. மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்ற கேள்வி. நேற்று இருந்த கோபத்தில் அந்தக் கை என்ன நினைத்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அப்படி ஒரு எண்ணம் தனக்குள் வந்ததே என்று பயந்துபோய் அவசரமாக அழுத்தினாள். முதல் தரம் யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தரம் எடுத்தார்.

"செல்லுங்க தங்கச்சி."

"நானா, ஏறிட்டாங்களா?" அண்ணன் முறையில் அவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"இப்பதான். ப்ளேன் மேல போய்ட்டீக்கி. ஏன், எதும் செல்லணுமா?"

சந்தை வாசலில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். மீன் பையிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"ஒன்னு சொல்றேன், சிரிக்காம கேளுங்க. அவர் குடையில நாடாவ இழுத்தேனான்னு எனக்குத் தெரியல. அவர குதிக்க வேணாம்னு சொல்லச் சொல்லுங்க."

இப்றாஹிமுக்கு நாடாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெஹிவளையிலிருந்து வான் ஓட்டி வருகிறவர். இவர்கள் மேலே போனதும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு எத்தனை குடை விரிகிறது என்று பார்ப்பதோடு அவர் வேலை சரி. ஆனால் அவள் குரல் அவருக்கு விளங்கிவிட்டது. கைபேசியை அணைக்காமலே ஓடினார். செருப்புச் சத்தமும் மூச்சு வாங்குவதும் அவள் காதில் விழுந்தன. பிறகு, "அய்யே, பொட்டக் இன்ன", அண்ணே கொஞ்சம் நில்லுங்கள் என்று யாரையோ மறித்துச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினார். தரையிலிருந்து விமானியோடு பேசும் ஆளாக இருக்க வேண்டும். அந்த ஆள் திருப்பித் திருப்பிக் கேட்டார். யாருடைய குடை, யார் சொன்னது, எந்த நாடா. நோனா சொன்னார், அவருடைய மனைவி, கட்டியது நோனாதான் என்று இப்றாஹிம் கத்தினார். பிறகு கரகரவென்று வானொலிச் சத்தம். பிறகு காற்று மட்டும்.

மீனாள் சந்தையின் சுவரோடு சாய்ந்துகொண்டாள். காலி நகருக்குப் போகும் வீதியில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின. தேங்காய் விற்கிற பெண் ஒரு பெட்டியைத் தள்ளி, இந்தாருங்கள் இருங்கள் என்றாள். அவள் இருக்கவில்லை. இருந்தால் எழும்ப முடியாது என்று தோன்றியது.

"தங்கச்சி, குதிக்கிறாங்க." இப்றாஹிமின் குரல் மெல்லியதாகிவிட்டது. "ஒரு குட விரிஞ்சீக்கி. பச்ச."

பச்சை ஹியூபேட்டுடையது.

"இன்னொண்டு. நீலம். மத்ததும் விரிஞ்சீக்கி, அதும் நீலந்தான்."

மேலே போனவர்கள் நாலு பேர். சிவப்பும் மஞ்சளும் வரவில்லை.

"நாலாவது தெரியல்ல தங்கச்சி. நான் பாத்துக்கிட்டுத்தான் ஈக்கிறேன். கீழயும் ஒண்டும் வரல்ல."

கீழேயும் என்ற சொல்லில் அவளுக்குக் கண் இருண்டது. தேங்காய்க்காரி தோளைப் பிடித்துப் பெட்டியில் உட்கார வைத்துவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று அவளுக்குத் தெரியாது. அவள் வேண்டிக்கொண்டது எந்தச் சாமியை என்றும் தெரியாது. அவன் இனி ஆயுள் முழுக்கக் குதிக்கட்டும், ஒவ்வொரு ஞாயிறும் குதிக்கட்டும், இந்த ஒரு தரம் மட்டும் வந்துவிடட்டும் என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"அல்ஹம்துலில்லாஹ். ப்ளேன் எறங்கீட்டு. அவர் உள்ள ஈக்கிறார், தங்கச்சி. உள்ளதான் ஈக்கிறார்."

அவள் பெட்டியில் உட்கார்ந்தபடியே விம்மி அழுதாள். மீன் பை கவிழ்ந்து கிடந்தது. தேங்காய்க்காரி மீன்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

பின்னேரம் வான் வந்து ஒழுங்கை முனையில் நின்ற சத்தம் கேட்டது. வழக்கமாக ஹியூபேட் மேலே வந்து தேநீர் குடித்துவிட்டு, யார் வயலில் விழுந்தார், யார் மாட்டின்மேல் விழப் பார்த்தார் என்று கதைத்துவிட்டுத்தான் போவான். அன்று கீழேயே கையசைத்துவிட்டுப் போய்விட்டான். பூபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாக மேலே வந்தான். அதை இறக்கிக் கூடத்தின் நடுவில் வைத்தான். ஊசி போட்டது போட்டபடியே இருந்தது.

அவள் முகம் வீங்கியிருந்ததை அவன் பார்த்தான். சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, குதிக்காமல் விமானத்தோடு திரும்பி வருகிறவனுக்கு அவர்கள் செய்வது என்ன என்று தெரியுமா என்றான். அவளுக்குத் தெரியும். பஸ் கண்டக்டர் மாதிரி எல்லோரும் வரிசையில் நின்று டிக்கெட் கேட்பார்கள். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்றான் அவன். கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போலிருந்தது அவன் முகம்.

"வானொலியில செய்தி வந்ததும் ஹியூபேட் மடிப்பைத் தூக்கிப் பாக்க வந்தவன்," என்றான். "நான் விடேல்ல."

"ஏன்?"

"நீர் கட்டினத நான் ஒருநாளும் பாத்ததில்ல."

"அப்ப ஏன் குதிக்கல?"

கதவு திறந்திருந்தது, மற்ற மூவரும் போய்விட்டார்கள், ஹியூபேட் கடைசியாகத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான் என்று சொன்னான். கீழே கடலும் தென்னைகளும் எப்போதும் போலத்தான் கிடந்தன. அவனுக்கு மட்டும் எல்லாம் வேறாக இருந்தது.

"கால் எழும்பேல்ல," என்றான்.

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவன் அதற்கு இடம் வைக்காமல் பையைக் காலால் மெல்ல அவள் பக்கம் தள்ளினான்.

"நீரே பாரும். நீலம் இருந்தா அடுத்த முறை போறன், முந்தி மாதிரி. இல்லாட்டி இதோட சரி. ஹியூபேட்டிட்டயும் சொல்லிட்டன்."

சொல்லிவிட்டுப் பல்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றான். கல்கிசைப் பக்கமிருந்து ரயில் வந்துகொண்டிருந்தது. அவள் எதைச் சொன்னாலும் அவன் திரும்பிப் பார்த்துச் சரிபார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் அது தெரிந்துதான் இருக்கும்.

மீனாள் பையின் முன் முழங்காலிட்டாள். மடிப்பைத் தூக்கினாள். கண்ணில் நீலம் இருந்தது. பளிச்சென்று, ஒரு துவரம்பருப்பு அளவுக்கு. இழுத்திருக்கிறாள். மனம் எரிந்துகொண்டிருந்தபோதும் கை மறக்கவில்லை. முதலில் வந்தது பெருமைதான். ஓடிப்போய் அவன் முதுகில் ஒன்று போட்டு, பார், நான் கட்டியதைப் பார் என்று சொல்ல வேண்டும் போல ஒரு பெருமை. அதன் பின்னாலேயே அடுத்த ஞாயிறும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும், தேங்காய்ப் பெட்டியும், கீழேயும் ஒன்றும் வரவில்லை என்ற குரலும் வந்தன.

ரயில் வீட்டுக்கு நேரே வந்து, பல்கனிக் கம்பிகளை அதிர வைத்துக்கொண்டு கடந்து போனது. சத்தம் அடங்கும்வரை அவன் காத்திருந்தான்.

"இருக்கா?" என்றான், திரும்பாமலே.

மீனாளின் கட்டைவிரல் அந்த நீலத்தை முழுக்க மறைத்திருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.