நாற்பத்தைந்துக்கு மேல் போகாத வண்டி

எங்கள் கம்பெனியை ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையோரமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கே நிலம் மலிவாம். முதலாளிக்கு மலிவு, எங்களுக்கு வயிற்றெரிச்சல். முன்பெல்லாம் வீட்டிலிருந்து நடந்தே போய்விடுவேன். இப்போது இரண்டு பஸ் மாறி, கூட்டுரோட்டில் இறங்கி, வெயிலில் ஒரு நீள நடை நடந்து உள்ளே போய்ச் சேர்வதற்குள் காலை ஷிப்டில் பாதி வேலை முடிந்திருக்கும். பாட்டில் மூடி செய்கிற இடம் அது. மூடியின் ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, மரை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பில் இருப்பவளே தினமும் கடைசி ஆளாக வந்து நின்றால், மற்றவர்களை எந்த வாயால் கேட்பது? மேனேஜரும் நாசூக்காகச் சொல்லிவிட்டார்: சீக்கிரம் ஒரு வழி பண்ணுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் குடியிருக்கிற யாருக்காவது உங்கள் பொறுப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"எனக்கு ஒரு வண்டி வேணும்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் வேலை பார்ப்பது ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில். அதிலும் விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைப் பிரிவு. அதிலும் இருசக்கர வாகனம். காலையிலிருந்து மாலை வரை நசுங்கிய வண்டிகளின் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். சைக்கிள்கூட ஓட்டமாட்டார். ஆபீசுக்கு நடந்துதான் போவார், அதுவும் சுவரை உரசிக்கொண்டு. வீட்டில் நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டுவதென்றாலும் நான்தான் ஏற வேண்டும். அவர் கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "பார்த்து, பார்த்து" என்று என் உயிரை வாங்குவார்.

அப்படிப்பட்டவர் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "சரி, சின்ன வண்டியா பாரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாய்ப் போயின.

புது வண்டிக்கு நம் கை எட்டாது. விசாரித்ததில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் கார் வாங்கிவிட்டதால் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நூறு சிசி. ஒல்லியான வண்டி. பெட்ரோல் டேங்க் ஓரத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது, சீட்டில் ஒரு கிழிசலுக்கு டேப் ஒட்டியிருந்தது. நான் போன உடனே இன்ஜினைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நாம் வருவதற்கு முன்பே சூடுபண்ணி வைத்து ஏமாற்றுகிற வேலை இல்லை. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. தெருவுக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது, கியர் முனகாமல் விழுந்தது. கல்யாணத்துக்கு முன்பு என் அண்ணன் வண்டியைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பழகியது வீண்போகவில்லை.

வீட்டுக்காரர் தன் பங்குக்கு டயரைப் பார்த்தார், ஹார்னை அடித்துப் பார்த்தார், பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"இது எவ்வளவு வேகம் போகும்?"

கண்ணாடிக் கடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எண்பது சார்! அசால்ட்டா போகும். போன மாசம்கூட ஹைவேல ஒருத்தனை முந்தினேன்."

இவர் முகம் இருண்டுவிட்டது. அதைப் பார்த்த கடைக்காரர், வேகம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "இறக்கத்துல தொண்ணூறு தொடும் சார்" என்றார். இவர் இன்னும் இருண்டார். கடைசியில் கடைக்காரர் தானாகவே விலையைக் குறைத்தார். பேரம் பேசத் தெரியாத மனிதர் முகத்தை வைத்தே பேரம் முடித்துவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே, "ஒரு தடவை சர்வீஸ் பண்ணிடலாம்" என்று அவரே சொன்னார். எங்கள் தெரு முனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, ஸ்பேனர் என்றால்தான் தெரியும். ஓட்டத் தெரியாததால் இவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே அங்கே போனார். சட்டையெல்லாம் நனைந்து, மூச்சு வாங்க, ஹேண்டிலைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். என் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

திங்கட்கிழமை நெடுஞ்சாலையில் ஏறினேன். ஊருக்குள் சமர்த்தாக ஓடிய வண்டி, அங்கே போனதும் முரண்டு பிடித்தது. எவ்வளவு முறுக்கினாலும் முள் நாற்பத்தைந்தைத் தாண்டமாட்டேன் என்றது. அதற்கு மேல் கைப்பிடி திரும்பவே இல்லை. பழைய வண்டி, இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடிக் கடைக்காரரை மனதுக்குள் ஆசைதீர வைதேன். எண்பதாம், அசால்ட்டாம்!

நெடுஞ்சாலையில் மெதுவாகப் போய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். சாலை முழுவதும் ஒரு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், நீங்கள் மட்டும் ஒரு வேகத்தில் போவீர்கள். பின்னால் வருகிற லாரிக்கு நீங்கள் ஒரு ஆள் இல்லை, சாலையில் கிடக்கிற ஒரு கல். ஹார்ன் சத்தம் முதுகில் வந்து அறையும். கடந்து போகும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஓரமாகப் போகலாம் என்றால் ஓரத்தில் மணல், உடைந்த கண்ணாடி, டயர் துண்டு. மேம்பாலம் ஏறும்போது முப்பத்தைந்துக்கு இறங்கிவிடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய், கம்பெனி வாசலில் இறங்கினால் விரல்கள் நிமிராது.

வீட்டுக்கு வந்து தினமும் சொன்னேன். "வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க."

"நல்லதுதானே. மெதுவாப் போனா உனக்கு ஒண்ணும் ஆகாது."

"பின்னாடி லாரிக்காரன் ஏறிடுவான் போல இருக்கு."

"அவன் பார்த்துப் போவான். நீ பதறாம ஓட்டு."

அடுத்த வாரம் ஒரு டேங்கர் லாரி மிகவும் நெருக்கமாகக் கடந்ததில் என் வண்டியின் கண்ணாடி மடங்கித் திரும்பிக்கொண்டது. லாரி தொட்டதா, காற்றுதான் மடக்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியைத் திருப்பி நேராக்கினேன். எனக்கு ஓட்டத் தெரியவில்லை, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, பொறுப்பை யாரிடமாவது விட்டுவிட்டு ஊருக்குள் ஏதாவது கடையில் கணக்கு எழுதலாம் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். மேனேஜரிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கம்பெனி நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டபோது, பக்கத்தில் ஸ்டோர்கீப்பரின் வண்டி நின்றது. அதே தயாரிப்பு, அதே மாடல், என்னுடையதைவிடக் கிழம். அந்த மனிதர் தினமும் விர்ரென்று என்னைத் தாண்டிக்கொண்டு வருவார். சும்மா அவர் வண்டியின் ஆக்ஸிலேட்டரைத் திருகிப் பார்த்தேன். சுற்றிக்கொண்டு போனது. என்னுடையதைத் திருகினேன். பாதியில் முட்டி நின்றது. மறுபடி அவருடையது, மறுபடி என்னுடையது. தேய்ந்துபோன வண்டி என்றால் கொழகொழவென்று இருக்க வேண்டும். இது அப்படி இல்லை. யாரோ அளவெடுத்து வைத்த மாதிரி, ஒரே இடத்தில், டக்கென்று நின்றது. நாள் முழுக்க மரை சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கிற கை இது. தானாக நிற்பதற்கும் நிறுத்தி வைப்பதற்கும் வித்தியாசம் தெரியாதா?

அன்று மேனேஜரிடம் போகவில்லை. சாயங்காலம் நேராக ஸ்பேனரிடம் போனேன்.

"ஆக்ஸிலேட்டர்ல என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

ஸ்பேனர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

"சொல்லுங்க."

"கார்பரேட்டர் மூடிக்குள்ள ஒரு சின்ன ரப்பர் டியூப் துண்டு வெச்சிருக்கேன். எவ்வளவு முறுக்கினாலும் உள்ள இருக்கிற வால்வு பாதிக்கு மேல எழும்பாது, கைப்பிடியும் நின்னுடும். உங்க வீட்டுக்காரன்தான் விடாப்பிடியா நின்னான். ஹைவேக்கு ஆகாதுடான்னு நானும் சொன்னேன். கண்ணுல தண்ணியோட நிக்கிறான் அண்ணி, நான் என்ன பண்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே இருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஸ்பேனர் அப்போதே கழற்றிவிடுகிறேன் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். வேண்டாம் என்றேன். கழற்றிவிட்டு வீட்டுக்குப் போய்க் கத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார், 'உனக்காகத்தானே' என்பார், ஆபீசில் பார்த்த போட்டோக்களைப் பற்றிச் சொல்வார். கடைசியில் நான்தான் கல்நெஞ்சக்காரி ஆவேன். அவரிடம் வார்த்தை எடுபடாது.

ஞாயிற்றுக்கிழமை, "வாங்க, நான் வேலை பார்க்கிற இடத்தைக் காட்டறேன்" என்று கூப்பிட்டேன். வராமல் இருக்க நாலு காரணம் சொன்னார். ஐந்தாவது கிடைக்காததால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.

ஊருக்குள் பேசிக்கொண்டே வந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும் பேச்சு நின்றது. இரண்டு பேர் பாரத்தில் நாற்பதுதான் வந்தது. முதல் லாரி கடந்தபோது என் இடுப்பைப் பிடித்தார். அடுத்ததற்கு இறுக்கிப் பிடித்தார். மேம்பாலம் ஏறும்போது முள் முப்பதுக்கு வந்துவிட்டது. பின்னால் ஒரு டிரெய்லர் லாரி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாக வண்டிகள், விலக இடமில்லை. அந்த ஹார்ன் ஒலிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை.  நான் செய்வதும் பைத்தியக்காரத்தனம்தான் என்று அந்த இடத்தில்தான் புரிந்தது.

"வேகமாப் போ!" என்று என் காதில் கத்தினார். "போயேன்! ஏன் இப்படி ஊர்ந்துக்கிட்டுப் போறே? முறுக்கு!"

"முறுக்கிட்டேங்க. இதுக்கு மேல திரும்பாது. பாதியிலேயே நிக்குது."

 அவர் நெற்றி வந்து என் முதுகில் முட்டியது. அப்படியே இருந்தார். டிரெய்லர் மூச்சுவிடுகிற தூரத்தில் எங்கள் பின்னாலேயே பாலம் இறங்கும்வரை வந்து, பிறகு திட்டிக்கொண்டே தாண்டிப் போனது.

பாலம் முடிந்து ஓரமாக இடம் வந்ததும் நிறுத்தினேன். இறங்கினார்.  தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேய் அறைந்த மாதிரி இருந்தது முகம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார்:

"தினமும் இப்படியா?"

"தினமும் இப்படித்தான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். வண்டி இழுக்கலன்னு தினமும் வந்து சொன்னேன். நீங்க நல்லதுன்னு சொன்னீங்க."

அவர் அழுதார். சத்தமில்லாமல், ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதார். எனக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் உண்மை. நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

"எங்க டேபிளுக்கு வர்றதெல்லாம் வேகமாப் போனவங்க கேஸ்தான்" என்றார். "அதான் எனக்கு..."

"என் கேஸும் உங்க டேபிளுக்குத்தான் வந்திருக்கும். வண்டில கோளாறு எதுவும் இல்லைன்னு நீங்களே எழுதியிருப்பீங்க."

பேருந்தில் வருகிறேன் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சாலையை மேலும் கீழும் பார்த்தார். அங்கே எந்தப் பேருந்தும் நிற்காது. வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் ஊருக்குள் இறங்குகிற அடுத்த திருப்பம் வரைக்கும் இதே சாலையில், இதே வேகத்தில்தான் போக வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சரி, ஏறு" என்று அவரே சொன்னார்.

நான் ஏறினேன். அவரும் ஏறினார். வண்டி கிளம்பி நாற்பதுக்கு வந்து, அதே இடத்தில் நின்றுகொண்டது. இடுப்பில் அவர் கை இல்லை. கீழே விழுந்துவிட்டாரா என்று பயந்து கண்ணாடியில் பார்த்தேன். சீட்டின் பின்கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பை முழுசாகப் பின்னால் திருப்பி உட்கார்ந்திருந்தார். மறு கையை உயரத் தூக்கி, வருகிற ஒவ்வொரு லாரிக்கும் தள்ளிப் போ, தள்ளிப் போ என்று காட்டிக்கொண்டிருந்தார். நாற்காலிமேல் ஏறப் பயப்படுகிற மனிதர், ஓடுகிற வண்டியில், ஒற்றைக் கைப் பிடியில். காற்றில் சட்டை படபடத்தது. வாய் எதையோ கத்திக்கொண்டே இருந்தது, எனக்குக் கேட்கவில்லை.

திருப்பம் வரும்வரை அந்தக் கையை அவர் இறக்கவே இல்லை.