பனியில் ஒரு பட்டாணி

என் கணவருக்கு நண்பர்கள் வைத்த பெயர் 'சத்தியம்'. அவருடைய நேர்மையைப் பார்த்து வைத்தார்கள் போலிருக்கிறது என்று நம்பிக் கழுத்தை நீட்டியவள் நான். பிறகுதான் விஷயம் தெரிந்தது. எதைச் சொன்னாலும் "சத்தியமா" என்று முடிப்பார், அதோடு அந்தக் காரியமும் முடிந்துபோகும். சத்தியமாகச் சீக்கிரம் வருகிறேன் என்றால் நான் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடலாம். சத்தியமாகக் குழாயைச் சரி பண்ணுகிறேன் என்றால் ப்ளம்பருக்கு போன் போடலாம். பொய் சொல்கிற ஆள் இல்லை. சொல்கிற நிமிஷத்தில் மனதாரத்தான் சொல்வார். அதனால்தான் எனக்கு வயிற்றெரிச்சலே. பொய்யராக இருந்தால் நிம்மதியாகத் திட்டலாமே!

அவர் செய்த சத்தியங்களிலேயே பெரியது பனி.

"சிட்டு, இந்த லீவுக்கு வெளிநாட்டுக்குப் போறோம். மலை. மலை பூரா பனி. நீ கையால அள்ளி அள்ளி விளையாடலாம், சத்தியமா!" என்று எங்கள் ஆறு வயது மகளிடம் சொல்லிவிட்டார். சிட்டு "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். குதிக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. நான்தான் ஆடிப்போனேன். தையல்காரி வீட்டுப் பிள்ளை கடையில் வாங்கின கோட்டுப் போடுவதா என்று ராப்பகலாக உட்கார்ந்து, உள்ளே பஞ்சு வைத்து, சிவப்புத் துணியில் ஒரு கோட்டுத் தைத்தேன். கையுறை வேறு.

கூட வந்தது அவருடைய பள்ளிக்கூடக் காலத்து நண்பர் குடும்பம். நண்பர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், எனக்கு அண்ணன் மாதிரி. அவர் மனைவி டீச்சர். அவர்கள் பையன் வாண்டு, சிட்டுவைவிட ஒரு வயது சின்னவன், சத்தத்தில் பத்து வயது பெரியவன். விமானத்தில் வந்த சாப்பாட்டில் பட்டாணி இருந்தது. சிட்டுவுக்குப் பட்டாணி ஆகாது. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசை கட்டி வைத்தாள். வாண்டு அந்த வரிசையை விரலால் சுண்டிச் சுட்டு வீழ்த்தினான், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பயணம் இப்படி அமோகமாக ஆரம்பித்தது.

வாடகைக்கு எடுத்திருந்த மர வீட்டின் ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. பச்சைப் பசேல் என்று இருந்தது. மாடு மேய்கிறது, பூ பூத்திருக்கிறது, எனக்குக் கழுத்தில் வியர்வை வழிகிறது. பனியை மட்டும் காணோம்.

"மச்சான், போட்டோல பாத்தது இந்த மலையா, இல்ல இதோட அண்ணனா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"மேல இருக்கும்டா. உச்சியில. சத்தியமா இருக்கும்."

மறுநாள் கேபிள் காரில் உச்சிக்குப் போனோம். கல் இருந்தது. காற்று இருந்தது. ஒரு டீக்கடை இருந்தது. என் கணவர் அந்தக் கடைக்கார அம்மாவிடம் போனில் இருந்த பனிப் படத்தைக் காட்டி, எங்கே என்று கையை விரித்தார். அந்த அம்மா சூரியனைக் காட்டினாள், கையைத் துடைப்பதுபோல் காட்டினாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பாஷை தெரியாவிட்டாலும் மானம் போனது நன்றாகப் புரிந்தது. ஊருக்கு முன்னால் டிக்கெட் போட்ட மனுஷர், எந்த மாதத்தில் பனி இருக்கும் என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

வாண்டு தரையில் உருண்டு அழுதான். சிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்துக் கொடுத்தாள்.

"அழாதடா. எங்கப்பா சொன்னா நடக்காது. அவரு நல்லவருதான். நாம எதுவும் கேக்காம இருந்தா போதும்."

"உன் செவப்புக் கோட்டு எங்க?"

"பெட்டியிலயே இருக்கு. பனி இருக்காதுன்னு எனக்குத்தான் தெரியுமே."

எனக்குச் சுருக்கென்றது. அழுதிருந்தால்கூடத் தேவலை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறாள்! யோசித்துப் பார்த்தேன். இவள் அப்பாவிடம் எதையாவது கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று? பலூன், கலர் பென்சில், சைக்கிளுக்குக் காற்று எல்லாமே என்னிடம்தான். அம்மா செல்லம் என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு பேசியிருக்கிறேன், மண்டு.

திரும்பினால், பின்னால் டீ டம்ளரோடு அவர் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கீழே இறங்குகிற வரைக்கும் கேபிள் காரில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மெக்கானிக்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சரிவில் உதிர்ந்து கிடந்த பைன் காய் பொறுக்கப் போனார். நான் துணி நனைக்க வாளி தேடிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குப் போனேன். உள்ளே கரகரவென்று சத்தம். கதவைத் தள்ளினால், சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு பழைய ஃப்ரீசர் மூடியைத் திறந்துகொண்டு கிடக்கிறது. மெக்கானிக் இடுப்பு வரைக்கும் அதற்குள் கவிழ்ந்திருக்கிறார், கால் மட்டும் வெளியே. என் கணவர் பக்கத்தில் நின்று, சுவரில் அப்பியிருந்த உறைபனியைக் கரண்டியால் சுரண்டி வாளியில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் தேடி வந்த வாளி!

"அண்ணே! ஃப்ரீசரைச் சுரண்டாதீங்கம்மா, மெஷின் போயிடும்னு வீடு வீடா கத்துற ஆளு நீங்கதானே?"

உள்ளிருந்து குரல் வந்தது. "மரக் கரண்டிதான் தங்கச்சி. உன் புருஷன் என் காலைப் பிடிச்சுட்டான். நான் என்ன செய்யட்டும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, பச்சைப் பிள்ளைய ஏமாத்தப் போறீங்களா? சொன்ன சத்தியம் பத்தாதுன்னு இப்ப பித்தலாட்டம் வேறயா?"

"இதுவும் பனிதானே? மேல இருந்து விழுந்தா பனி, பெட்டிக்குள்ள பிடிச்சா பனி இல்லையா?"

"அடேயப்பா! வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க."

அவர் சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விரலெல்லாம் சிவந்து, முட்டியில் தோல் உரிந்திருந்தது. "அவ எங்கிட்ட எதையாவது கேக்கணும். ஒரே ஒரு தடவை. அதுக்குத்தான்."

துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகினேன். என் தையல் பெட்டியில் மர ஸ்கேல் இருந்தது, அது இல்லாமல் நான் வெளியூர் போவதில்லை. கொண்டு வந்து நானும் சுரண்ட ஆரம்பித்தேன்.

உறைபனிக்குள் பழைய பொட்டலங்கள் புதைந்து கிடந்தன. எது பையின் ஓரம், எது பனி என்று யார் பார்த்தது? வாளி வாளியாகச் சுமந்து, வெயில் படாத ஒரு பாறை மறைவில் கொட்டித் தட்டினோம். மூச்சு முட்ட வேலை செய்தும் இரண்டு தலையணை அளவுக்குத்தான் சேர்ந்தது. "அரை மணி தாங்கும். ஓடிப்போய்ப் பிள்ளைங்களக் கூப்பிடு" என்று மெக்கானிக் தன் தொழில் அனுபவத்தை எல்லாம் திரட்டிச் சொன்னார்.

பிள்ளைகள் வந்ததும் என் கணவர், "அடடே! இது என்னது இங்க?" என்றார். பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கக்கூட அவரைச் சேர்க்க மாட்டார்கள். டீச்சர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டார். வாண்டு "பனீ!" என்று பாய்ந்து விழுந்தான்.

சிட்டு பாயவில்லை. கிட்டே வந்தாள், ஒரு விரலால் தொட்டாள். சட்டென்று திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். போச்சு, கண்டுபிடித்துவிட்டாள், இனி இவரை ஜென்மத்துக்கும் நம்ப மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது சிவப்புக் கோட்டுப் போட்டிருந்தாள். பொத்தான் ஒன்று மாறி ஒன்று. ஒரு கையில் மட்டும் கையுறை. வந்த வேகத்தில் ஒரு உருண்டை பிடித்து மெக்கானிக் வயிற்றில் அடித்தாள். அதற்குப் பிறகு அங்கே நடந்த கலாட்டாவைக் கேட்க வேண்டாம். நானும் இரண்டு உருண்டை வீசினேன், இரண்டும் என் கணவர் மேல்தான்.

அப்போதுதான் வாண்டு கத்தினான். "ஐ! பட்டாணி!"

அவன் உள்ளங்கையில் பச்சையாக ஒன்று. தோண்டினான், இன்னொன்று. "பனியில எப்படிப் பட்டாணி வந்துச்சு?"

மெக்கானிக் தலையைத் தூக்கி ஆகாயத்தை ஆராய்ச்சி செய்தார். சிட்டு அந்தப் பட்டாணியை வாங்கிப் பார்த்தாள். சாமான் அறை வாசலில் சொட்டச் சொட்ட நின்ற வாளியைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் போய் அந்தக் கைகளை முன்னால் இழுத்தாள். சிவந்த விரல்களையும் உரிந்த தோலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பனியில பட்டாணி இருக்கும்டா. எங்கப்பா முன்னாடியே சொல்லியிருக்காரு" என்றாள் வாண்டுவிடம்.

"நெசமாவா?"

"எங்கப்பா சொன்னா சொன்னதுதான்."

வாண்டுவுக்குச் சந்தேகம் தீரவில்லை. "அம்மா, அப்படியா?" என்று டீச்சரைக் கேட்டான். அறிவியல் பாடம் நடத்துகிற டீச்சர் எச்சிலை விழுங்கிக்கொண்டு, "ஆமா... சில மலையில இருக்கும்" என்றார்.

இந்த அமளியில் ஃப்ரீசர் மூடியை யாரும் மூடவில்லை. "இத்தனை வருஷத் தொழில்ல எனக்கு இப்படி ஒரு அவமானமா!" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே இருந்தது அத்தனையும் பட்டாணி, அத்தனையும் இளகிவிட்டது. வீட்டுக்காரருக்குப் புதிதாக வாங்கி அடுக்கிவிட்டு, இளகினதை நாங்கள் மதியமும் தின்றோம், ராத்திரியும் தின்றோம். சிட்டுவின் தட்டைப் பார்த்தேன். ஓரத்தில் வரிசை இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா..." என்றாள் திடீரென்று.

அவர் வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"அடுத்த லீவுக்கு என்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறியா? டால்ஃபின் பாக்கணும்."

பழக்க தோஷம், வாயைத் திறந்தார். நான் முறைத்தேன். மூடிக்கொண்டு, "பாக்கலாம்டா கண்ணு. முயற்சி பண்றேன்" என்று முனகினார்.

சிட்டு நாற்காலியை விட்டு இறங்கி வந்து அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். "முயற்சி எல்லாம் வேணாம். சத்தியமா சொல்லு."

மெக்கானிக் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். அந்த மனுஷருக்குக் கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான், ஆனால் நான் காட்டிக்கொள்வேனா?

"என் மூஞ்சிய எதுக்குப் பாக்கறீங்க? பிள்ள கேக்குறால்ல, சொல்லித் தொலைங்க!" என்றேன்.