கோப்புக்குள் இருந்த ஆசி

அடுப்பில் கல்யாண விருந்துக்கான போர்சோக் மாவுத்துண்டுகள் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மிர்பெக் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான். இன்று தங்கை ஜில்திஸைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பெண் வாசல் தாண்டும் முன் அப்பா ஆசி சொல்ல வேண்டும். அப்பாவோ பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

நல்லவேளை, நிச்சயம் முடிந்த கையோடு, ஒத்திகை பார்க்கிறேன் என்று ஆசியை ஒலிப்பதிவுக் கருவியில் பேசி வைத்திருந்தார். பேசி முடித்து நிறுத்துவதற்குள் பேட்டரி போய்விட்டது. கோப்பின் தலைப்பகுதியில் ஒலியின் நீளத்தைக் குறிக்கும் இடம் பூஜ்ஜியமாகவே நின்றுவிட, அது பாட மறுத்தது. மென்பொருள்காரனான மிர்பெக் சும்மா இருப்பானா? கறுப்புத் திரையில் கட்டளை தட்டி, கோப்பை எண்களாக விரித்து, நீளத்தைத் திருத்திச் சேமித்தான். நகல் எடுக்கும் புத்தி மட்டும் வரவில்லை. கோப்பு இப்போதும் வாய் திறக்கவில்லை.

"என்னண்ணே, போர்சோக் கருகுது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்கே?" மணப்பெண் உடையோடு வந்து நின்றாள் ஜில்திஸ். அவளுக்கும் இதே தொழில்தான். அண்ணனைவிடக் கெட்டிக்காரி.

"அப்பா குரலை நானே அழிச்சுட்டேன்மா." அவன் கண் கலங்கிவிட்டது.

அவள் முக்காட்டைத் தள்ளிவிட்டுக் குனிந்து, திரையில் இருந்த பழைய அளவையும் இப்போதைய அளவையும் பார்த்தாள். "கோப்பு முன்னவிட நாலு மடங்கு பெருசா இருக்கே! அழிச்சா எப்படிண்ணே வளரும்?"

திறந்து பார்த்தாள். வரிவரியாக எண்கள்.

"அட லூசு அண்ணே! விரிச்சே, திருத்தினே, திரும்ப ஒலியா மாத்தாமலே சேமிச்சுட்டே. எண்களை எழுத்தா எழுதி வெச்சிருக்கு, அவ்வளவுதான். எல்லாம் உள்ளதான் இருக்கு."

"நீளம் சரியாப் போட்டேனா?"

"அதெல்லாம் சரிதான். மொதல்ல நகல் எடுக்கிறேன். கத்துக்கோ!"

நகல் எடுத்து, திருப்பி மாற்றும் கட்டளையைத் தட்டினாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

"என் கண்ணு, போற எடத்துல ஒன் அடுப்பு அணையாம இருக்கட்டும்..."

கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. விருந்தினர் எல்லோரும் இரு உள்ளங்கைகளையும் விரித்து ஏந்தினார்கள். நாற்காலியில் இருந்த அப்பாவின் இடது கை மட்டும் தனியாக எழுந்தது. வலது கை மடியிலேயே கிடந்தது.

ஜில்திஸ் ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, அந்த இடது கையோடு தன் கையைச் சேர்த்து ஏந்திக்கொண்டாள். குரல் முடிந்தது. "ஓமின், அப்படியே ஆகட்டும்" என்று சொல்லி எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அவர்கள் இருவரின் கைகளும் அப்பாவின் முகத்தில் ஒன்றாக இறங்கின. அவள் உள்ளங்கை ஈரமானது.