மூன்றாம் முறை தோன்றிய உலகம்

உலகம் எப்படித் தோன்றியது என்று கேட்டால் நாற்பது நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஒரு பீரியட்டுக்கு அவ்வளவுதான் நேரம். சின்னசேலம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பதினேழு வருடமாக இயற்பியல் எடுக்கிறேன். பாடத்தில் இருக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒருமுறை கரும்பலகையில் ஒரு புள்ளி வைத்து, ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருடத்துக்கு முன்னால் எல்லாமே இதற்குள்தான் இருந்தது என்று ஆரம்பிப்பேன். கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கொண்டு கேட்கும். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அந்த நாற்பது நிமிடம் மட்டும்தான் நான் நல்ல மனுஷன் என்று என் மனைவி கண்ணகி சொல்வாள்.

அப்படிப்பட்ட நான், போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புது வேட்டி கட்டிக்கொண்டு கல்வராயன் மலையில் ஒரு பாறைக்கு முன்னால் போய் உட்கார வேண்டி வந்தது. காரணம் என் தங்கை விஜயலட்சுமி.

அவளை வடக்கனந்தலில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை ராஜாங்கத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஒரு வருடம் மரவள்ளி, ஒரு வருடம் கரும்பு. ஆள் பேசுவதே கம்மி. பதினொரு வருடம் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி, வேண்டுதல், விரதம் என்று அவள் அலையாத அலைச்சல் இல்லை. ஒவ்வொரு வேண்டுதலுக்கும் நான் அவளைத் திட்டியிருக்கிறேன். கடைசியில் தத்துக்கு அரசாங்கத்தில் எழுதிக்கொடுத்து, மூன்று வருடம் காத்திருந்து, பத்து மாதக் குழந்தை ஒன்று வந்தது. இசைவாணி என்று பெயர் வைத்தார்கள். இப்போது மூன்று வயதாகப் போகிறது. அவளுக்குத்தான் முதல் முடி இறக்கக் குலசாமியிடம் போனோம். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி எடுக்க வேண்டும். தாய்மாமன் நான்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போனால் இந்தக் கதையே பித்தலாட்டமாகிவிடும். ஐந்து வருடத்துக்கு முன்னால், தத்தெடுக்கப் போகிறோம் என்று அவர்கள் சொன்னபோது, ராஜாங்கத்தின் அண்ணன் வீரமுத்துவைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னேன். யார் வித்து என்று தெரியாத பிள்ளை. நோய், குணம், புத்தி எல்லாம் ஜீனில் வருகிறது. நீங்கள் மூத்தவர், எடுத்துச் சொல்லி நிறுத்துங்கள் என்றேன். என் பெயர் வர வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவர் போய்ச் சொன்னார். விஜயா எனக்கு போன் போட்டு அழுதாள். அந்த மனுஷனுக்குக் கல் மனசு என்றாள். படிக்காதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே என்று நான் ஆறுதல் சொன்னேன். ஆமாம், நானேதான். அதன்பிறகு அவள் வீரமுத்துவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. குழந்தை வந்த பிறகு நான் போகும்போதெல்லாம் பிஸ்கட் வாங்கிப் போவேன். தூக்கியதில்லை. தூக்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றும். அதைச் சளி, இருமல் என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.

வேனில் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். வீரமுத்து முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் தும்மினால்கூட, உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறாரோ என்று எனக்குத் தோன்றியது. இரண்டாவது வளைவிலேயே இசைவாணி வாந்தி எடுத்தாள். என் சட்டை மேல்தான். விஜயா துடைத்துக்கொண்டே, உலகத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டாள். அவள் பத்தாவது வரை படித்தவள், திடீர் திடீரென்று இப்படிக் கேட்பாள். காலமே அப்போதுதான் ஆரம்பித்திருக்கலாம், அதனால் 'முன்னால்' என்ற கேள்வியே நிற்காமல் போகலாம், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றேன். தெரியாது என்பதை இவ்வளவு நீளமாகச் சொல்ல உனக்குச் சம்பளமா என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. வாந்தி நாற்றத்தில் கோபித்துக்கொள்ளவும் தெம்பில்லை.

ராஜாங்கத்தின் குலசாமிக்குக் கோயில் கிடையாது. ஓடை ஓரத்தில் ஒரு பாறை, மஞ்சள் பூசி, மூன்று சூலம். பூசாரி மலைக்காரர், சரத்குமார் என்று பெயர், முப்பது வயதிருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, முடி இறக்குகிறவர்கள் போன் போட்டால் லீவு போட்டு வருவார். ஜீன்ஸ் பேன்ட்டின் மேல் மஞ்சள் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். அந்தச் சாமிக்கு ஒரு வழக்கம். கத்தி தலையில் படுவதற்கு முன் பூசாரி 'பொறப்பு' சொல்ல வேண்டும். உலகம் உண்டானதிலிருந்து ஆரம்பித்து, மலை உண்டானது, ஏழு அண்ணன் தம்பிகள் கீழே இறங்கிக் காடு திருத்தியது, கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பன் என்று வந்து, மடியில் இருக்கும் பிள்ளையின் பெயரில் முடிக்க வேண்டும். நடுவில் ஒரு வரி விட்டாலும் திரும்ப உலகத்திலிருந்து வர வேண்டும்.

நான் தட்டைக் கல்லில் உட்கார்ந்தேன். விஜயா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். சரத்குமார் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"வானமில்ல, மண்ணுமில்ல, பாக்க ஒரு கண்ணுமில்ல. இருட்டுன்னு சொல்ல ஆளில்ல, இல்லன்னு சொல்ல நாக்கில்ல..."

உள்ளுக்குள் சிரிக்கத் தயாராக இருந்தவன், சிரிக்கவில்லை. பதினேழு வருடமாக அந்தப் புள்ளியை நான் ஏதோ பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி சொல்லி வருகிறேன். பார்க்க ஒரு கண் இல்லாத இடம் அது என்று என் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. வெளிச்சம் வந்தது, தண்ணீர் வந்தது, பாறை வந்தது, தலைமுறைகள் வந்தன. பெயர்கள் வரிசையாக இறங்கி வந்து, "கோவிந்தன் வித்துல ராஜாங்கம், ராஜாங்கம் வித்துல..." என்ற இடத்தில் பூசாரி நின்றுவிட்டார்.

மூச்சு வாங்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் மறுபடி வானமில்ல, மண்ணுமில்ல என்று ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார். அன்று காலை உலகம் இரண்டு முறை தோன்றி, இரண்டு முறையும் ராஜாங்கத்தோடு நின்றுபோனது.

என் மகள்தான், சொல்லுங்கள் என்றான் ராஜாங்கம் மெல்ல. சரத்குமார் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். தனக்கும் தெரியும் என்றார். தன் மனசில் எந்த வஞ்சகமும் இல்லை, ஆனால் அப்பா சொல்லிக்கொடுத்த வரி அது. வித்து என்று சொன்னால் பொய்யாகிறது, விட்டால் குறையாகிறது, சாமி முன்னால் நாக்கு நகரவில்லை என்றார். விஜயாவின் கை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. அது தூங்கவில்லை, எதற்குத் தட்டுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அப்போது வீரமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஐந்து வருடமாகப் பயந்த பயம் எல்லாம் கோபமாக வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று பேச்சைப் பிடித்துக்கொண்டேன். வித்து வித்து என்று என்ன பேச்சு என்றேன். இந்தப் பாறையில் இருக்கிற இரும்பும் இந்தக் குழந்தை ரத்தத்தில் இருக்கிற இரும்பும் ஏதோ நட்சத்திரங்களில் வெந்து வந்தது, உங்களுக்குத் தனியாக ஒரு நட்சத்திரம், அவளுக்குத் தனியாக ஒன்று கிடையாது என்றேன். எல்லாருக்கும் ஒரே ஆரம்பம்தான் என்றேன். வகுப்பில்கூட அவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். படிக்காதவர்களிடம் இதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டேன்.

வீரமுத்து என்னையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"எங்கப்பன் பேரோட இவ பேரயும் சேத்துச் சொல்லு, மூத்தவன் நான் பொறுப்புன்னு பூசாரிகிட்ட சொல்லத்தான் எழுந்திரிச்சேன், மச்சான்" என்றார். "நான் படிக்காதவன்தான். படிச்ச நீ சொன்னியேன்னுதான் அன்னிக்கி அந்தப் பேச்சையும் போய்ப் பேசினேன்."

சொன்ன உடனே வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். சொல்ல வேண்டும் என்று அவர் வரவில்லை. நான்தான் வரவழைத்தேன்.

விஜயா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"நீயாண்ணா?"

"ஆமா" என்றேன். என்னைவிடக் கேவலமான ஒருத்தன் அந்த மலையில் அப்போது இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சித்தப்பா மகன் சுபாஷ் கூட வந்திருந்தான். அவனும் மாமன் முறைதான், அவன் மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கல்லை விட்டு நகர்ந்தேன். விஜயா அதைக் காதில் வாங்கவில்லை. நேராக வீரமுத்துவிடம் போனாள். "அஞ்சு வருஷமா உங்க மூஞ்சியப் பாத்து ஒரு வாய் சோறு போடல மாமா நானு" என்றாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, வுடும்மா, வுடும்மா என்றார்.

பிறகு என்னிடம் வந்தாள். அடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

"ஒக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தாள்.

"நீ கேட்டதையே நானும் கேட்டன்ணா. வந்த புதுசுல இவ தூங்கசொல்ல மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பன். இது யாரு மூக்கு, யாரு நெத்தின்னு தேடிக்கினே இருந்தன். ஒரு நாளு சோறு ஊட்டிக்கினு இருக்கசொல்ல கரண்ட்டு போச்சி. இவ அழுவல. இருட்டுல கையால தடவித் தடவி எம் மூஞ்சியக் கண்டுபுடிச்சி, மூக்கப் புடிச்சிக்கினு சிரிச்சா. நான் தேடிக்கினு இருந்தன், இவ கண்டுபுடிச்சிட்டா. அன்னியோட வுட்டுட்டன்." என்னைப் பார்த்துச் சொன்னவள், பூசாரி பக்கம் திரும்பினாள். "அங்கேர்ந்து சொல்லுப்பா. அதுக்கு முன்ன இருந்தது இவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாதுன்னே சொல்லு."

சரத்குமார் கொஞ்ச நேரம் யோசித்தார். தெரியாது என்று சொன்னால் அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஓடையில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மூன்றாம் முறையாக, வானமில்லாத இடத்திலிருந்து வந்தார். இந்த முறை யாரும் அசையவில்லை. வெளிச்சம், தண்ணீர், பாறை, ஏழு பேர், கோவிந்தன், ராஜாங்கம். அந்த இடம் வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"முன்ன இருந்தது தெரியாது, வித்து எதுன்னு தெரியாது. விஜயலட்சுமி மூஞ்சிய இருட்டுல கையால கண்டெடுத்து வந்து சேந்தா இசைவாணி."

ராஜாங்கம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முடி எடுப்பவர் தண்ணீர்ச் சொம்போடு வந்து குனிந்தார். அதற்கு முன் மாமனிடம் ஒரு கேள்வி உண்டு. யாரு மடி என்று பூசாரி கேட்பார், என் மடி என்று மாமன் எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். மூன்று முறைதான் கேட்பார்.

"யாரு மடி?"

மடியில் இருந்தவள் கனமாக, சூடாக இருந்தாள். நான் இதுவரை தூக்காததால் எவ்வளவு கனம் என்றே எனக்குத் தெரியாது.

"யாரு மடி?"

வீரமுத்து, சொல்லு மச்சான் என்றார் மெதுவாக. விஜயாவைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. குழந்தையின் உச்சியைத்தான் பார்த்தேன்.

"யாரு மடி?"

"என் மடி" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை.

யார் சொன்னது என்று தெரியாமல் இசைவாணி தலையைத் தூக்கி, திரும்பி, என் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கையை நீட்டி என் மூக்கைத் தொட்டாள்.

அதற்கு முன்னால் நான் அவளுக்கு என்னவாக இருந்தேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.