திங்கட்கிழமை நின்ற மனிதர்

ஸெலிக்கு அந்த வாரம் வாழ்வா சாவா என்றிருந்தது. பேராசிரியர் வோபேர் போன சனிக்கிழமையே கறாராகச் சொல்லிவிட்டார்: இந்தப் படமும் சொதப்பினால், உயிருள்ள ஆளை வரைவதை விட்டுவிட்டு மறுபடி பிளாஸ்டர் சிலைகளிடம் போக வேண்டும். இரண்டு வருஷம் அந்த வெள்ளை மூக்குகளோடு மாரடித்தவள் அவள். அந்தக் காலத்துப் பாரிஸில் பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஓவியக்கூடங்களே விரல்விட்டு எண்ணக்கூடியவை.

திங்கட்கிழமை மாடல் அன்செல்மோ இடது முட்டியைத் தளர்த்தி, வலது காலில் பாரம் போட்டு நின்றார். ஆறு நாளும் அதே நிலையில்தான் நிற்க வேண்டும். ஸெலி நூலில் தொங்கும் தூக்குக்குண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். கழுத்துக்குழி வலது கணுக்காலுக்கு நேர் மேலே இருந்தது. அப்படியே பென்சிலால் குறித்துக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் கூடமே ரொட்டித்துண்டை ரப்பராக வைத்துப் படத்தின் நெஞ்சை அழித்துத் திருத்திக்கொண்டிருந்தது.

"அடியே, உன் ஆளு சாயறான். நெஞ்சை நடுவுக்குக் கொண்டு வா" என்றாள் வகுப்புத் தலைவி ஒக்தாவி.

"என் ஆளு சாயல. அவர்தான் நகர்ந்துட்டார்."

ஒக்தாவி மாடலின் பாதத்தைச் சுற்றி மேடையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டைக் காட்டினாள். "பாதம் கோட்டுக்குள்ளதானே இருக்கு? இருபது பேருக்கும் கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஸெலி அழிக்கவில்லை. பிடிவாதத்தில் அந்தப் பெண்ணை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சனிக்கிழமை வோபேர் வந்தார். அவள் படத்தையும் மாடலையும் மாறி மாறிப் பார்த்தார். "கண்ணை எங்கம்மா அடகு வெச்சீங்க? கீழ போங்க, சிலை காத்துக்கிட்டிருக்கு."

ஸெலி பென்சிலைக் கீழே வைத்தாள். "ஐயா, போறேன். அதுக்கு முன்னாடி புதன்கிழமை ஒக்தாவி நெஞ்சை மாத்தி வரைஞ்ச படத்துல இருக்கற மாதிரி ஒரு தடவை நின்னு காட்டுங்க!"

வோபேரின் முகம் சிவந்தது. ஆனால் சவால் என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு இருப்புக்கொள்ளாது. மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேடையில் ஏறினார்.

"இடுப்பு வலப்பக்கம்... இடது முட்டி மடிச்சு... நெஞ்சு நடுவுல..." அவ்வளவுதான். மடித்த முட்டி பாரம் தாங்காமல் வழுக்க, அன்செல்மோவின் தோளைப் பிடித்துத் தொங்கினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொரு தடவை முயன்றார். இன்னொரு தடவை தொங்கினார். அப்புறம் ஸெலியின் படத்தில் இருந்தபடியே நின்று பார்த்தார். தூண் மாதிரி நின்றார்.

"திங்கட்கிழமை காலு, புதன்கிழமை நெஞ்சு!" என்று கத்தினார். "இருபது பேரும் ரெண்டு ஆளை ஒட்டவெச்சிருக்கீங்க! ஸெலி, நீங்க எங்கேயும் போக வேண்டாம். அடுத்த வாரம் முதல்ல இடம் பிடிக்கறது நீங்கதான். ஆனா உங்க படத்துல அந்தக் கை வாத்துக்கால் மாதிரி இருக்கு, சரி பண்ணுங்க."

ஸெலிக்குக் கூரைவரை குதிக்கவேண்டும்போல இருந்தது. ஓடிப்போய் அன்செல்மோவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவர் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "புதன்கிழமை என் வலது காலு மரத்துப்போச்சும்மா, பாரத்தை இடது காலுக்கும் மாத்திக்கிட்டேன். யாராச்சும் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

ஸெலியின் கை அப்படியே நின்றது. மூன்று நாளாக அந்தக் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை.