பார்க்கலாம் லா

பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு பஸ் கம்பெனியில் துஷ்யந்திக்கு மெசேஜ் மேசை வேலை. எந்த பஸ் எங்கே, யார் லீவு, யாருக்குப் பதில் யார், எல்லாம் அவள் விரல் வழியாகத்தான் போய் வந்தன. பக்கத்து மேசையில் காமினி. புருஷன் விட்டுப்போன பிறகு பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்ப்பவள்.

இந்த வருஷம் முதலாளி ஸ்ரீகரனுக்கு ஏஐ பைத்தியம் பிடித்தது. மெசேஜ் அனுப்பும் செயலியைத் தூக்கி ஓர் ஏஐ ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டார். வந்த வேகத்தில் அது மானத்தை வாங்கியது. சுங்கை பாக்காப்புக்கு இன்னொரு ட்ரிப் போக முடியுமா என்று டிரைவர் அர்ஜுனனைக் கேட்டது. அவன் "பார்க்கலாம் லா" என்று எழுதினான். பினாங்கில் பிறந்த யாருக்கும் அதன் அர்த்தம் தெரியும். ஏஜெண்டுக்குத் தெரியவில்லை. பஸ் வரும் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டது. ஒரு ஷிப்ட் ஆட்கள் மொத்தமும் மழையில் நின்றார்கள்.

"இதுக்குப் புரியற மாதிரி ஒரு கைடு எழுதிக் குடு துஷி" என்றார் ஸ்ரீகரன். அப்புறம் கூரையைப் பார்த்துக்கொண்டே, "இனிமே மேசைக்கு ஒரு ஆள் போதும்" என்றார்.

அந்த ஓர் ஆள் தான்தான் என்று துஷ்யந்தி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம்? ஜெலுத்தோங் ஃப்ளாட்டில் பக்கவாதத்தோடு கிடக்கும் அப்பாவுக்கு அவள் சம்பளத்தை விட்டால் வேறு நாதியில்லை.

உயிரைக் கொடுத்து எழுதினாள். எந்தக் கட்டளை எதற்கு, ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை ஏன் குரூப்பில் போடக் கூடாது, பதில் வராவிட்டால் என்ன செய்வது, எல்லாம் உதாரணத்தோடு. 'பார்க்கலாம் லா'வுக்கு மட்டும் இரண்டு அர்த்தம் போட்டாள். பெரும்பாலும் 'இல்லை'. சில நேரம், 'மனசு கோணியிருக்கிறது, இன்னொரு தடவை கேள், வருகிறேன்'.

இரண்டாவதை ஸ்ரீகரன் அடித்துவிட்டார். "ரெண்டு அர்த்தம் குடுத்தா கொழம்பிடும் லா. ஒண்ணு போதும்."

அவளும் மாற்றினாள். *'பார்க்கலாம் லா' என்றால் இல்லை. மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்யாதே. நன்றி சொல்லி அடுத்த ஆளைக் கேள்.*

அதற்குப் பிறகு ஏஜெண்ட் ஒரு தப்புகூடச் செய்யவில்லை.

மாசக் கடைசியில் அவள் போன் சிணுங்கியது. "மெசேஜ் மேசையில் ஓர் இடம் உள்ளது. இரவு ஷிப்ட். உங்களுக்குச் சம்மதமா?" அனுப்பியது ஏஜெண்ட்.

துஷ்யந்திக்கு ரத்தம் கொதித்தது. இதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த முதலாளி மனுஷனுக்கு அறையை விட்டு எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்க முடியவில்லையா? வீம்பு விரலுக்கு இறங்கியது. "பார்க்கலாம் லா" என்று தட்டினாள். அவர் வருவார், கொஞ்சம் கெஞ்சுவார், சரி என்று சொல்லிவிடலாம் என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நன்றி, துஷ்யந்தி" என்று வந்தது.

பக்கத்தில் காமினியின் போன் அடித்தது. மெசேஜைப் படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவசரமாக ஏதோ தட்டினாள். "எனக்குக் குடுத்திருக்காங்கக்கா. நான் உங்களுக்குத்தான்னு நெனச்சேன்."

துஷ்யந்தி ஸ்ரீகரனின் அறைக்குப் போனாள்.

"நீ வேணாம்னுட்டேன்னு வந்துச்சே?" என்றார் அவர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"வேணாம்னு நான் சொல்லலண்ணே."

அவர் திரையைப் பார்த்தார். "பார்க்கலாம்னா வேணாம்தானே துஷி. நீதானே எழுதுனே." அடுத்த மெசேஜையும் படித்துவிட்டு, "காமினி சரின்னு சொல்லிட்டா. இப்ப நான் என்ன செய்றது?" என்றார்.

அவரை என்ன செய்யச் சொல்வது? அழுதுகொண்டிருந்தவளிடமிருந்து பிடுங்கவா? துஷ்யந்தி வெளியே வந்து, மேசையில் இருந்த தன் தண்ணீர் பாட்டிலையும் குடையையும் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போக அர்ஜுனனின் பஸ்தான் கிடைத்தது. ஜெலுத்தோங்கில் இறங்கும்போது, "நாளைக்கு வருவீங்கதானேக்கா?" என்று கேட்டான்.

"பார்க்கலாம் லா, தம்பி."

அவன் அவள் முகத்தை ஒருமுறை பார்த்தான். மறுபடி கேட்கவில்லை.